பேரளம் பாதை தாமதித்தது ஏன்?



பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தேசப்படம் சில வேளைகளில் ஆசிரியரைச் சங்கடத்தில் ஆழ்த்திவிடும். நான் பணியாற்றிய பள்ளியில் தஞ்சைத் தரணியின் பழைய படம் ஒன்று இருந்தது. பேரளத்திலிருந்து கிழக்கே பிரிந்து, அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு வந்து முடியும் இருப்புப் பாதை அதிலே கறுப்புக் கோடாகக் காட்டப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் எவனேனும் ஒரு மாணவன் அக்கோட்டின் மீது விரலை வைத்து, “ஐயா, இந்த ரயில் எங்கே?” என்று கேட்பான். “முன்பு இருந்தது, மீண்டும் வரும்” என்று நான் விடையிறுப்பேன். இவ்வாறு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. முதலில் கேட்ட மாணவர்களுள் ஒருவனுடைய மகனே ஒருநாள் அதே வகுப்பில் அமர்ந்து அதே வினாவைக் கேட்டான். என் வாயிலிருந்தும் அதே விடைதான் வந்தது. ஒரே விடையைக் கால் நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தால் அது விடையன்று, வெறும் சமாதானமே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன் பின்னரே, “ஏன் வரவில்லை?” என்று நானும் மாணவனாக இருந்து கற்கத் தொடங்கினேன். அவ்வாறு கற்றவற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலில் இப்பாதை பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். 1894ஆம் ஆண்டில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையில் ஓர் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அது தஞ்சாவூர் ஜில்லா போர்டின் முயற்சியால் விளைந்தது. நிலவரியோடு சேர்த்து மக்களிடம் ஒரு சிறு வரி வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டு போர்டு அப்பாதையை அமைத்தது. அப்பாதையில் உள்ள நிலையங்களுள் ஒன்றே பேரளம். அக்காலத்தில் காரைக்கால் பிரெஞ்சுக்காரருடைய ஆட்சியில் இருந்தது. 1739ஆம் ஆண்டு முதல் அவர்கள் இங்கே கால் ஊன்றியிருந்தனர். புதுச்சேரிக்கு 1879ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. காரைக்காலுக்கு 1898ஆம் ஆண்டில், பேரளத்திலிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப் பாதை வந்தது. பாதை பிரெஞ்சு அரசினருடைய உடைமை. வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே என்னும் ஆங்கிலேயர் கம்பெனி.

இரண்டு பேரரசுகள், இரண்டு சட்டங்கள், நடுவிலே ஓர் எல்லை. இவ்வளவும் இருந்தும் பாதை அமைந்தது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். 1954 நவம்பர் 1ஆம் நாள் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. அயல்நாட்டு எல்லை மறைந்தது, பாதையும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சுதந்திர நாட்டில், 1980களில், அந்தப் பாதை மூடப்பட்டது.

மூடியதற்குக் கூறப்பட்ட காரணம், பயணிகள் குறைவு என்பது. இது முழுப் பொய் அன்று. என் இளமையில் அவ்வண்டியில் பலமுறை சென்றிருக்கிறேன். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்குச் செல்வோர் நெருக்கியடித்து நிற்பர். மற்ற நாட்களில் ஒரு பெட்டியில் நாலைந்து பேர் கால் நீட்டிப் படுத்து வருவர். வண்டியோ மெல்ல ஊரும் மீட்டர் பாதை வண்டி. பேரளத்தில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பஸ்ஸோ வீட்டு வாயிலுக்கு அருகே ஏற்றி, மயிலாடுதுறைக் கடைத்தெருவிலே இறக்கிவிடும். ஆகவே மக்கள் பஸ்ஸை நாடினர். மக்கள் குறையவே வண்டிகள் குறைந்தன. வண்டிகள் குறையவே மக்கள் மேலும் குறைந்தனர். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிளைப் பாதைக்கும் இதே 1980களில் இதே முடிவு நேர்ந்தது.

ஆயினும் இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. ஒரு கிளைப் பாதையின் பயனை அக்கிளையில் விற்ற சீட்டுகளை மட்டும் எண்ணி அளத்தல் கூடாது. காரைக்காலில் ஏறிச் சென்னைக்குச் செல்பவன் கிளையில் 23 கிலோமீட்டரும், பெரிய பாதையில் அதைப்போல் பன்மடங்கும் பயணம் செய்கிறான். வாய்க்காலில் ஓடும் நீரை மட்டும் அளந்து, அது பாயும் வயலைப் பாராமல், “இவ்வாய்க்கால் வீண்” என்று தூர்த்துவிட்டால் காவிரிக் கடைமடையில் விவசாயம் நடக்குமா? கிளைப் பாதையும் வாய்க்கால் போன்றதே.

மூடுவதற்கு ஓர் ஆணை போதும். மீண்டும் திறப்பது அவ்வளவு எளிதன்று. பழைய மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1676 மில்லிமீட்டர். வேறுபாடு சிறிதே என்று தோன்றலாம். ஆனால் அகலப் பாதையில் வரும் எஞ்சினும் சரக்குப் பெட்டிகளும் மிகுந்த பாரமுடையவை. ஆதலால் மண்மேட்டை அகலப்படுத்த வேண்டும். வளைவுகளை நேராக்க வேண்டும். ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் மேலுள்ள பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். நம் ஊர் கடைமடை. களிமண் பூமி; மழைக்காலத்தில் நீர் தேங்கும். மண்மேடு உறுதியாக இறுகவும், அதன் இருபுறமும் வெள்ளம் தடையின்றி வடியவும் வழி செய்யாவிடில், ரயில் வரும் முன்னே வயல் மூழ்கும். சாலைகள் பாதையைக் கடக்கும் இடங்களில் கேட்டுகளுக்குப் பதிலாகக் கீழ்ப்பாலம் அமைத்தால் வண்டிகள் நில்லாமற் செல்லலாம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அக்கீழ்ப்பாலமே குளமாகிவிடும் என்று கிராமத்தார் அஞ்சுவர். அவர்கள் அச்சம் நியாயமானதே.

இவை பொறியியல் பற்றியவை. இனி அரசியலுக்கு வருவோம்.

நம் அரசியல் சாசனப்படி ரயில்வே மத்திய அரசின் அதிகாரத்திற்குட்பட்டது. நிலம் மாநிலத்தின் பொறுப்பில் உள்ளது. நம் பாதையோ ஒரு பகுதி காரைக்காலிலும், மற்றொரு பகுதி தமிழ்நாட்டுத் திருவாரூர் மாவட்டத்திலும் செல்வது. ஆகவே டில்லி, சென்னை, புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களிலும் கோப்பு நகர வேண்டும். நம்முடைய தலைநகராகிய புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அதன் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் முப்பது உறுப்பினர்களுள் காரைக்காலிலிருந்து செல்பவர் ஐவர். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே உறுப்பினர். பேரளம் பக்கத்து மக்களுக்கோ வேறு சட்டமன்றம், வேறு மக்களவை உறுப்பினர். 23 கிலோமீட்டர்ப் பாதை முழுமைக்கும் “இது என்னுடையது” என்று கூறிக்கொண்டு நிற்கும் ஒருவர் இல்லாமற் போனதே இதன் விளைவு. மூன்று அரசுகளும் ஒரே கட்சியின் கையில் இருந்ததும் அரிது. ஒருவர் நிலம் கொடுக்கவில்லை என்பார். மற்றவர் பணம் வரவில்லை என்பார். இருவர் கூறுவதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்!

இங்கே நாம் சில சொற்களின் பொருளைப் பிரித்தறிய வேண்டும். “பாதைக்கு அனுமதி” என்று செய்தித்தாளில் படித்தவுடன் நாம் மகிழ்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்து படிகள் அடங்கியுள்ளன. முதலாவது, நில அளவையும் வருவாய்க் கணக்கும் எடுக்கும் ஆய்வு. இரண்டாவது, திட்டத்திற்கு ஒப்புதல். மூன்றாவது, அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குதல். நான்காவது, நிலத்தைக் கையகப்படுத்துதல். ஐந்தாவது, ஒப்பந்தமும் வேலையும். இவை யாவும் முடிந்தபின் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாதையைச் சோதித்துச் சான்று வழங்க வேண்டும். ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரம் ரூபாய் மட்டும் ஒதுக்கி, அதனை ஏட்டில் உயிரோடு வைத்திருக்கும் வழக்கமும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தண்டவாளத் துண்டுகூட வாராது. திட்டம் இறக்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. 2017ஆம் ஆண்டு முதல் ரயில்வேக்குத் தனி வரவு செலவுத் திட்டம் இல்லாமல், அது பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதன் பின் இவ்விவரங்களைத் தேடிப் படிப்பதில் பொதுமக்களுக்கு இன்னும் சிறிது முயற்சி தேவைப்படுகிறது.

தாமதிக்கும் திட்டம் நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. நிலத்தின் விலை ஏறுகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் உரியவர்க்குச் சந்தை விலைக்கு மேலாக நல்ல இழப்பீடு கிடைக்க வழி செய்தது. அது நியாயமே. ஆனால் முன்னரே வாங்கியிருக்க வேண்டிய நிலத்தைப் பின்னர் வாங்கும் அரசு அதற்குரிய விலையைக் கொடுத்துத்தான் தீர வேண்டும்.

இதற்கிடையில் நமக்கு ரயில் மற்றொரு திசையிலிருந்து வந்தது. 2009ஆம் ஆண்டில் காரைக்கால் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள அகலப் பாதை திறக்கப்பட்டது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அப்பாதை வழியே மயிலாடுதுறைப் பக்கம் செல்ல வேண்டுமானால், தெற்கே நாகூர், நாகப்பட்டினம் சென்று, மேற்கே திருவாரூர் சேர்ந்து, பின் வடக்கே பேரளத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு செவ்வகத்தின் மூன்று பக்கங்களைச் சுற்றி வந்து நான்காம் பக்கத்தின் முனையை அடைவது போன்றது இது. நேரே 23 கிலோமீட்டர்; சுற்றி வந்தால் அறுபதுக்கும் மேல். விடுபட்ட அந்த நான்காம் பக்கமே பேரளம் பாதை.

இங்கேதான் உண்மையான வழக்கு எழுகிறது. பாதை யாருக்காக? துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரிக்காகவா, மக்களுக்காகவா? ரயில்வேயின் கணக்கில் சரக்கு வண்டி இலாபம் தரும். பயணி வண்டி நட்டம் தரும். நிலக்கரித் தூசி பற்றி நாகூர், வாஞ்சூர்ப் பகுதி மக்கள் பல காலமாக முறையிட்டதுண்டு. “கரியைச் சுமக்கப் பாதை வேண்டாம்” என்பாரும், “கரி வந்தால்தான் பாதை வரும், பாதை வந்தால்தான் நம் வண்டி வரும்” என்பாரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். இருவரையும் நான் குறை கூறேன். ஒருவர் தம் குழந்தையின் மூச்சை எண்ணுகிறார்; மற்றவர் தம் குழந்தையின் கல்லூரியை எண்ணுகிறார்.

இத்தகைய தாமதம் சிற்றூர்க்காரர்களுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். சென்னை மாநகரைப் பாருங்கள். 1895ஆம் ஆண்டு முதல் அந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1953 ஏப்ரலில் அவை நின்றன. நெடுங்காலத்துக்குப் பின்னர்க் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை உயர்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில் 1997ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அது வேளச்சேரியை அடைந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு எஞ்சியது சுமார் ஐந்து கிலோமீட்டர். 2008ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. நாலரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தூண்கள் எழுந்தன. எஞ்சிய அரைக் கிலோமீட்டரில், ஆதம்பாக்கத்தில், நில உரிமையாளர்கள் இழப்பீடு போதாதென்று நீதிமன்றம் சென்றனர். வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. 2025ஆம் ஆண்டு பிறந்தபோதும் அப்பகுதியில் பயணி வண்டி ஓடத் தொடங்கவில்லை. தெருவின் நடுவே நின்றுபோன பாலத்தைப் பார்த்தவர்கள் அரசைப் பழித்தனர். வீட்டை இழக்கும் குடும்பத்தை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. வேலையை முதலில் தொடங்கிவிட்டு நிலத்தைப் பின்னர்ப் பேசியதே அங்கு நேர்ந்த பிழை. செலவில் பெரும் பங்கு மாநிலத்துக்கு, சிறு பங்கு ரயில்வேக்கு என்று பங்கீடு வகுத்திருந்தும், இந்த வரிசை தவறியதால் பயன் தாமதித்தது.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பழைய டிராம் 1956ஆம் ஆண்டில், சென்னைக்கு மூன்று ஆண்டுகள் பின்னால், நிறுத்தப்பட்டது. அதை மீண்டும் கொணர 2006ஆம் ஆண்டில் அவர்களுடைய பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டில் தேர்தல் வந்தது. புதிய அரசு டிராமை விரும்பவில்லை. ஆனால் அது சிறுபான்மை அரசு. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து திட்டத்தைக் காப்பாற்றின. அரசு 50 கோடி பவுன் தருவதாகக் கூறிவிட்டு, மேற்பார்வையினின்றும் தன் அதிகாரிகளை விலக்கிக்கொண்டது. பணம் ஒருவருடையது, வேலை மற்றொருவருடையது, பொறுப்பு எவருடையதும் அன்று. தெருவைத் தோண்டினால் கீழே குடிநீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் கம்பிகளும் பின்னிக் கிடந்தன. அவற்றை மாற்றி முடிப்பதற்குள் பாதை போடும் ஒப்பந்தமும் தொடங்கியது. ஒப்பந்தக்காரருக்கும் நகராட்சிக்கும் வழக்கு மூண்டு, முக்கியக் கடைத்தெருவிலேயே வேலை நின்றது. ஏறத்தாழ 54 கோடி 50 லட்சம் பவுனில் முடியும் என்று எண்ணிய வேலை, நீளம் குறைக்கப்பட்டும், 77 கோடி 60 லட்சம் பவுனை விழுங்கி, 2014 மே 31ஆம் நாள் திறக்கப்பட்டது. காரணம் அறிய அமைத்த விசாரணை 2023ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அறிக்கை தந்தது. பாதை போட்ட காலத்தைவிட, அது ஏன் தாமதித்தது என்று ஆராய்ந்த காலம் நீண்டுவிட்டது!

ஆயினும் அக்கதை அங்கே முடியவில்லை. விடுபட்ட நியூஹேவன் பகுதிக்குப் பாதையை நீட்ட 2019ஆம் ஆண்டில் நகராட்சி முடிவு செய்தது. இம்முறை ஒரு தெருவை ஒருமுறைதான் தோண்டுவது, கீழே உள்ள யாவற்றையும் சரிசெய்துவிட்டுப் பாதையையும் போட்டு மூடுவது என்று ஒழுங்கு வகுத்தனர். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு, வகுத்த 20 கோடி 70 லட்சம் பவுன் திட்டத்தின்படி, 2023 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அதே நகரம், அதே நகராட்சி. பிழையை ஒப்புக்கொண்டு வரிசையை மாற்றினார்கள்.

இம்மூன்று கதைகளிலிருந்தும் நான் மூன்று பாடங்களைக் கற்றேன். முதலாவது, நிலமும் நிலத்தடியும் சரியான பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, பணம் தருபவர் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பல அரசுகள் கூடும் இடத்தில் ஒருவர் தலைவராக இருக்க வேண்டும். மூன்றாவது, மக்கள் வினவும்போது, “எப்போது வரும்?” என்று பொதுவாகக் கேளாமல், “எந்தப் படியில் நிற்கிறது? யாரிடம் நிற்கிறது?” என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். முதல் வினாவிற்கு, “விரைவில்” என்று மேடையிலே விடை கூறிவிடலாம். இரண்டாம் வினாவிற்கு அவ்வாறு தப்ப இயலாது.

நம் பாதையும் இறுதியில் உருப்பெற்றது. பழைய மேட்டின்மீது புதிய தண்டவாளம் படுத்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் பேரளத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும், விரைவுச் சோதனை ஓட்டமும் நடைபெற்றன. 1898ஆம் ஆண்டில் வந்த ரயிலை 1980களில் இழந்தோம். அப்பாதையை மறுபடியும் காண ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காத்திருந்தோம்.

ஆனால் நேயர்களே, தண்டவாளம் வந்தால் ரயில் வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய பாதை இறந்தபோது அதில் தண்டவாளம் இல்லாமலா இறந்தது? வேளைக்கு வண்டி இல்லாமல் இறந்தது. ஆகவே இனி நாம் கேட்க வேண்டியவை வேறு. காலையில் கல்லூரி தொடங்கும் முன் மயிலாடுதுறை சேரும் வண்டி உண்டா? மாலையில் திரும்ப வண்டி உண்டா? பேரளத்தில் மறு வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு? அம்பகரத்தூரிலும் திருநள்ளாற்றிலும் வண்டி நிற்குமா? நிலக்கரி செல்லும்போது அதை மூடிச் செல்கிறார்களா? இவ்வினாக்களுக்கெல்லாம் நல்ல விடை பெற்றபின், நாமும் நம் கடமையைச் செய்ய வேண்டும். சீட்டு வாங்கி அவ்வண்டியில் ஏற வேண்டும். பஸ்ஸில் சென்றுகொண்டே ரயிலுக்காக மனுக் கொடுப்பவரின் குரல் எந்தக் கணக்கிலும் ஏறாது.

தேர் ஓடுவதற்கு வடம் பிடிப்போர் பலர் வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் இழுக்க வேண்டும். முட்டுக்கட்டை போடுபவரும் வேண்டும்; அவர் திருப்பத்தில்தான் போட வேண்டும், நேர் வீதியில் அன்று. பல ஆண்டுகள் ஓடாதிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடியதைக் கண்ட பெரியவர்கள் நம் பக்கத்தில் இன்னும் உள்ளனர். நிலைபெயர்க்க எத்தனை கைகள் வேண்டியிருந்தன என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என்னிடம் வினாக் கேட்ட அந்தச் சிறுவனும் பள்ளியை விட்டுப் போய்விட்டான். அவனை எங்கேனும் கண்டால், “மீண்டும் வரும்” என்று சொல்லமாட்டேன். “தம்பி, பாதை வந்தது, இத்தனை காலம் ஏன் வாராதிருந்தது என்பதை உட்கார், சொல்லுகிறேன். அடுத்த முறை அது போகாமல் காக்க வேண்டியவன் நீ” என்று சொல்லுவேன். அவ்விடையை அன்றே அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.